அறிக்கை கொடுத்ததோடு வேலை முடிந்ததா?

வணக்கம். சூழல் கொள்கை வகுக்கும் கூட்டங்களில் விஞ்ஞானிகளும் மக்களோடு உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தரப்போடு நெருங்கிவிட்டால் அவர்கள் சொல்வதை யார் நம்புவார்கள்? தரவைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதானே முறை?
கே.

அன்புள்ள கே.,

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் விலகி நின்றால் கணக்கு சரியாக வந்துவிடும் என்பதை நான் ஏற்கவில்லை.

அலாஸ்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 1977இல் சர்வதேச திமிங்கில ஆணையம், அங்கே வாழும் பூர்வகுடிகளான இனுப்பியாட் மக்களின் போஹெட் திமிங்கில வேட்டைக்குத் தடை விதித்தது. எண்ணிக்கை அபாயகரமாகக் குறைந்துவிட்டது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. பனி விளிம்பில் நின்று, கண்ணில் படுகிறவற்றை எண்ணிப் போட்ட கணக்கு அது. வேட்டைக்காரர்கள் மறுத்தார்கள். திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், மூச்சுவிட பனியை முட்டி உடைக்கும், பார்வைக்கு எட்டாத தூரத்திலும் கடந்து போகும் என்றார்கள். 1980களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கியும் விமானத்திலிருந்து பார்த்தும் எண்ணியபோது, அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது.

எண்ணியவர்கள் யார் பக்கமும் சாய்ந்தவர்கள் இல்லை. எப்படி எண்ணுவது என்று தீர்மானித்தபோது, அந்தக் கடலிலேயே வாழ்கிறவர்களின் அறிவுக்கு அதில் இடம் இல்லை, அவ்வளவுதான். சரி, வேட்டைக்காரர்களின் சொல் மட்டும் போதுமா? போதாது. எத்தனை பிடித்தால் இனம் தாங்கும் என்று சொல்ல எண் வேண்டும், அந்த ஒலிவாங்கிகள் வேண்டும். அதனால்தான், கேள்வியை வகுக்கும்போதே இரு தரப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இனம் எவ்வளவு தாங்கும் என்பது விஞ்ஞானி சொல்ல வேண்டியது. வேட்டை உரிமை யாருக்கு என்பதில் அவர் குரலும் பல குரல்களில் ஒன்று. அங்கே அவருக்குக் கருத்து இருந்தால், 'இது என் கருத்து, தரவு சொல்வது இல்லை' என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். கருத்தை எண்ணுக்குள் ஒளித்துவைப்பதுதான் நம்பிக்கையைக் கெடுக்கும்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையும் விஞ்ஞானிகளை அனுப்பிவிடவில்லை. 1990இலிருந்து குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிபுணர் குழுக்களின் மதிப்பீட்டை வைத்துக் கட்டுப்பாடுகளைப் பரிசீலிக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதிவைத்தார்கள். ஓசோனைச் சிதைக்கும் பொருட்களின் மீதான கட்டுப்பாடு அப்புறம் பலமுறை இறுகியது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இப்படி உட்கார நிறைய நேரம் பிடிக்கும். பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரைகளை எண்ணும் நிறுவனங்கள், கூட்டங்களில் கழிந்த மாதங்களை எண்ணுவதில்லை. வர விரும்பும் இளம் ஆய்வாளர்கள் அதனாலேயே தயங்குகிறார்கள். முதலில் மாற வேண்டியது இதுதான்.