காது மந்தமானால் நடையும் தளருமா?

"அப்பாவுக்குக் காது மந்தமான பிறகு நடையும் தளர்ந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

2012-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் லின், லூய்ஜி ஃபெரூச்சி இருவரும் 40 முதல் 69 வயது வரையிலான 2,017 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 25 டெசிபல் அளவுக்கு, அதாவது லேசாகக் காது மந்தமானவர்கள் கீழே விழுந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஏன்? உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்காதில்தான் இருக்கிறது. முதுமை இரண்டையும் சேர்த்தே பாதிக்கலாம். பேச்சைப் புரிந்துகொள்ளவே மூளை திணறும்போது நடையில் கவனம் குறையும். அப்புறம், எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஒவ்வொருவரிடமும் "என்ன, என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டு மனிதர் வீட்டைவிட்டே இறங்கமாட்டார். நடமாட்டம் குறைந்தால் தசையும் கரையும்.

தானாக எடை குறைவது, சோர்வு, கைப்பிடி தளர்வது, மெல்ல நடப்பது, நடமாட்டம் சுருங்குவது ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அதை உடல் தளர்நிலை என்கிறார்கள். அப்பாவிடம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் குரும்பி அடைத்திருக்கும், அவ்வளவுதான். காதுக்கருவி தேவைப்பட்டாலும், அதை மாட்டியதும் நடை தேறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கால்களுக்கான பயிற்சி தனியாக வேண்டும்.