கிளவுட் மவுண்ட் சில நேரம் மட்டும் ஸ்லோவா? ஆர்க்ளோன் கேள்வி பதில்

ஆர்க்ளோன் (rclone) கிளவுட் ஸ்டோரேஜை நம்ம மெஷின்ல ஒரு ஃபோல்டர் மாதிரி காட்டும், அதுக்குப் பேர்தான் மவுண்ட். இந்த மவுண்ட் பத்தி வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே ரகம்தான், எப்பவும் நல்லாத்தான் ஓடுது, திடீர்னு படுத்துக்குதுன்னு. பதில் கீழ இருக்கு. யாரோ போட்ட நீளமான கமாண்டை அப்படியே ஒட்டாதீங்க ப்ளீஸ், எங்க நிக்குதுன்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

கேள்வி: அண்ணா, கூகுள் டிரைவை மவுண்ட் பண்ணி ஜெல்லிஃபின்ங்கற மீடியா சர்வர்ல படம் பாக்குறேன். நிறைய படம் டக்குனு ஓபன் ஆகுது, சிலது மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நெட் 100 எம்பிபிஎஸ்.

பதில்: அந்த நெட்டு தாராளமா போதும் தம்பி. லேட்டாகுற படமெல்லாம் எம்பி4ஆன்னு பாருங்க. எந்த ஃபிரேம் ஃபைல்ல எங்க இருக்குங்கற இண்டெக்ஸ், மூவ் அட்டம்னு சொல்வாங்க, அது நிறைய எம்பி4ல கடைசியில கிடக்கும். பிளேயர் முதல்ல ஆரம்பத்தை படிக்கும், இண்டெக்ஸ் இல்லன்னதும் கடைசிக்கு தாவும், திரும்ப ஆரம்பத்துக்கு வரும். லோக்கல் டிஸ்க்குல இது கண்ணுக்கே தெரியாது, ஆனா கிளவுட்ல ஒவ்வொரு தாவலும் புதுசா ஒரு ரிக்வெஸ்ட். எஃப்எஃப்எம்பெக்ங்கற (ffmpeg) வீடியோ டூல்ல ரீ-என்கோட் பண்ணாம காப்பி மோட்லயே மூவ்ஃப்ளாக்ஸ் ஃபாஸ்ட்ஸ்டார்ட் கொடுத்து ஓட்டுங்க, இண்டெக்ஸ் முன்னாடி வந்துரும், குவாலிட்டி துளி குறையாது. கூடவே விஎஃப்எஸ் கேச் மோடை (--vfs-cache-mode, படிச்சதை லோக்கல் டிஸ்க்குல வச்சுக்குற செட்டிங்) ஃபுல்லுக்கு மாத்துங்க, டிஃபால்ட்டா அது ஆஃப்லதான் இருக்கும்.

கேள்வி: சார், ஃபுல் மோட் போட்டு கேச்சை எக்ஸ்டர்னல் டிஸ்க்குல வச்சேன், முன்னைவிட மோசமாயிருச்சு!

பதில்: டிஸ்க்கு எக்ஸ்ஃபேட் (exFAT) ஃபார்மட்ல இருக்கணும், அதான் சந்தேகம். ஃபுல் மோட் முழு ஃபைலையும் இறக்காது, படிச்ச துண்டை மட்டும் ஸ்பார்ஸ் ஃபைலா, அதாவது படிக்காத இடத்தை டிஸ்க்குல இடம் பிடிக்காம காலியா விட்டு, எழுதி வைக்கும். ஃபேட், எக்ஸ்ஃபேட் ரெண்டுக்கும் ஸ்பார்ஸ் ஃபைல் தெரியாது, அதனால ரொம்ப மோசமாதான் ஓடும், லாக்லயும் எரர் வந்திருக்கும். எக்ஸ்ட்4 (ext4) ஃபார்மட்ல இருக்குற டிஸ்க்குக்கு மாத்துங்க, முடிஞ்சா எஸ்எஸ்டி. கேச் மேக்ஸ் சைஸும் செட் பண்ணிருங்க, டிஃபால்ட்டா அதுக்கு வரம்பே கிடையாது. கேச்சுல ஃபைல் இருக்குற மேக்ஸ் ஏஜ் டிஃபால்ட்டா 1 மணி நேரம்தான், அதையும் ஏத்திக்கலாம்.

கேள்வி: ப்ரோ, பகல்ல சூப்பர், ராத்திரி ஒரு குறிப்பிட்ட நேரத்துல மட்டும் தடவுது. ஐஎஸ்பியா?

பதில்: ஐஎஸ்பியாவும் இருக்கலாம், ஆனா மொதல்ல உங்க மெஷினையே பாருங்க ப்ரோ. மீடியா சர்வர் சேப்டர் இமேஜ், ட்ரிக்பிளே இமேஜ் (படத்தை ஓட்டித் தள்ளும்போது தெரியுற குட்டி படம்) எடுக்குற டாஸ்க்கை அந்த நேரத்துல ஓட்டும், அது ஒவ்வொரு படத்தையும் தொறந்து படிக்கும். லினக்ஸ்ல ஃபைல் தேடுறதுக்கு லிஸ்ட் எடுக்குற அப்டேட்டிபி (updatedb) மவுண்ட்டுக்குள்ள பூந்து மொத்த ஃபோல்டரையும் அலசும், அதோட கான்ஃபிக்ல தவிர்க்க வேண்டியதுக்கான ப்ரூன் லிஸ்ட்ல (PRUNEFS) ஃப்யூஸ் ஆர்க்ளோனை (fuse.rclone) சேர்த்துட்டா நின்னுரும். மவுண்ட்டை டீபக் லாக்கோட ஒரு ராத்திரி ஓட்டுங்க. "ஓபன்ரேஞ்ச் அட் 0 லெங்த் 134217728"னு லைன் வரும், அந்த நம்பர் 128 எம்பி, ஒரு தடவைக்கு கேக்குற துண்டோட டிஃபால்ட் அளவு (சங்க் சைஸ்). நீங்க பாக்காத படத்து பேரோட இந்த லைன் வரிசையா வந்தா வேற ஏதோ ப்ரோக்ராம் படிக்குதுன்னு அர்த்தம். 403 ரேட் லிமிட் எரர் வந்தா கூகுள்ல சொந்தமா ஒரு கிளையண்ட் ஐடி (ஆர்க்ளோன் கூகுள்கிட்ட தன்னை அடையாளம் காட்டுற ஐடி) எடுங்க, ஆர்க்ளோனோட டிஃபால்ட் ஐடியை உலகம் முழுக்க எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்றாங்க.

கேள்வி: பஃபர் சைஸை 1 ஜிபி ஆக்கினா ஸ்பீடா இருக்குமா?

பதில்: வேணாம். அது ஓபன்ல இருக்குற ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனி ரேம். ஸ்கேன் ஓடும்போது பத்து ஃபைல் தொறந்தா 10 ஜிபி வரைக்கும் கேக்கும், மெஷினே தொங்கிரும். 16 எம்பி டிஃபால்ட்டே போதும், முன்கூட்டியே படிச்சு வைக்கணும்னா விஎஃப்எஸ் ரீட் அஹெட் இருக்கு, அது டிஸ்க்குலதான் வைக்கும்.

கேள்வி: அமேசானோட எஸ்3 கிளவுட்ல ஃபோட்டோ வச்சிருக்கேன், ஃபோல்டர் தொறக்கவே யுகமாகுது அண்ணா.

பதில்: எஸ்3ல மாடிஃபைடு டைம் தெரியணும்னா ஒவ்வொரு ஃபைலுக்கும் விவரம் மட்டும் கேக்குற தனி ஹெட் ரிக்வெஸ்ட் போகணும். ஒண்ணுக்கு 0.1 செகண்டுன்னு வச்சாலும் ஒண்ணு ஒண்ணா போனா ஆயிரம் ஃபோட்டோவுக்கு 100 செகண்டு. யூஸ் சர்வர் மாட்டைம் (--use-server-modtime) போடுங்க, டைமே தேவையில்லன்னா நோ மாட்டைம் (--no-modtime). ஃபோல்டர் லிஸ்ட்டை ஞாபகம் வச்சிருக்குற டிர் கேச் டைம் டிஃபால்ட் 5 நிமிஷம், வெளியிலேர்ந்து யாரும் ஃபைல் சேர்க்கலன்னா தைரியமா மணிக்கணக்குல ஏத்துங்க.

கேள்வி: எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் அப்பப்ப நிக்குது.

பதில்: கேச்சுல இல்லாத ஒரு பெரிய ஃபைலை எடுத்து மொதல்ல ஆர்க்ளோன் கேட் கமாண்ட்ல நேரா படிச்சு டெவ் நல்லுக்கு (/dev/null, எதையும் சேமிக்காம தூக்கிப் போடுற இடம்) அனுப்புங்க, அப்புறம் அதே ஃபைலை மவுண்ட் வழியா டிடி (dd) கமாண்ட் போட்டு படிங்க. ரெண்டும் ஸ்லோன்னா மவுண்ட் செட்டிங்கை எவ்ளோ நோண்டினாலும் பிரயோஜனமில்ல, நெட்வொர்க்கோ ப்ரொவைடரோதான், பைண்டு ஆப்ஷன்ல 0.0.0.0 கொடுத்து ஐபிவி4ல மட்டும் ஓட்டி பாருங்க. மவுண்ட் மட்டும் ஸ்லோன்னா அது நின்ன நேரத்து டீபக் லாக்கை, முன்னாடி பின்னாடி ஒரு நிமிஷம் சேர்த்து, டோக்கன் (உங்க அக்கவுண்ட்டோட ரகசிய சாவி) எதுவும் இல்லாம பாத்து இங்க போடுங்க, சேர்ந்து பாப்போம்.