144-க்குக் காசு, 60-இல் படம்

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: 1440பி, 165 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கினேன். கேமிங் லப்டொப்பில் எச்.டி.எம்.ஐ. கேபிளால் கொழுவினால் 60 ஹேர்ட்ஸ்தான் காட்டுகிறது. மொனிட்டர் பிழையா?

கடைக்குத் திருப்பிக் கொண்டு ஓடாதேங்கோ. ஹேர்ட்ஸ், அதாவது ரிஃப்ரெஷ் ரேட், என்பது திரை செக்கனுக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. 1440பி என்பது திரையில் உள்ள புள்ளிவரிசைகளின் எண்ணிக்கை. புது மொனிட்டரை விண்டோஸ் பெரும்பாலும் 60-இலேயே விட்டுவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்ட் டிஸ்பிளே என்று போய், மேலே வெளி மொனிட்டரைத் தெரிவுசெய்துவிட்டு ரிஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். லப்டொப் திரையின் 144-ஐப் பார்த்து "எல்லாம் சரி" என்று மூடிவிடுகிற ஆட்களும் இருக்கினம்.

அங்கே 60-க்கு மேல் எதுவும் இல்லையென்றால், லப்டொப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் சிப் இருந்தால் அதன் செட்டிங்ஸான என்விடியா கன்ட்ரோல் பெனலைத் திறவுங்கள். 'சேஞ்ச் ரெசொலூஷன்' பட்டியலின் மேற்பகுதி டிவிக்கானது. கீழே இறங்கினால் 'பிசி' என்ற தலைப்பு வரும். ஒளிந்திருக்கும் 120, 144 பல தடவை அதற்குள்தான் கிடக்கும்.

அதிலும் இல்லையா? இனிக் குழாயின் அகலம்தான், அதாவது எச்.டி.எம்.ஐ. வழியே எவ்வளவு டேட்டா போகும் என்பதுதான். அது பதிப்புக்குப் பதிப்பு மாறும். எச்.டி.எம்.ஐ. 1.4 செக்கனுக்கு 10.2 கிகாபிட்தான் தாங்கும். 2.0 தாங்குவது 18. அதில் 1440பி 144 ஹேர்ட்ஸ் வரை போகும். உங்கள் 165-க்கு டிஸ்பிளேபோர்ட் என்ற மற்ற வகைத் திரை இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் எச்.டி.எம்.ஐ. 2.1 இருக்க வேண்டும். லப்டொப்பில் 2.1 இருந்து மொனிட்டரில் 2.0 இருந்தால் கணக்கு 2.0-தான்.

கிண்ணியாவிலிருந்து: லப்டொப்பில் டிஸ்பிளேபோர்ட் இல்லை. எச்.டி.எம்.ஐ.–டிஸ்பிளேபோர்ட் கேபிள் வாங்கினேன், படமே வரவில்லை.

அந்த மலிவுக் கேபிள் ஒருவழிப் பாதை. டிஸ்பிளேபோர்ட் உள்ள கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குப் போகும், திரும்பி வராது. நானும் முன்பொருநாள் இதே கேபிளுக்குக் காசைக் கரியாக்கியவன்தான். யூஎஸ்பி-சி துளைக்குப் பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருந்தால், யூஎஸ்பி-சி–டிஸ்பிளேபோர்ட் கேபிள் ஒன்று போதும். சில துளைகள் டேட்டாவுக்கு மட்டும்தான், ஆகவே வாங்குமுன் மொடல் இலக்கத்தைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

நிலாவெளியிலிருந்து: யூஎஸ்பி-சியில் 165 வருகிறது. ஆனால் கேம் எச்.டி.எம்.ஐ.யில் ஓடுகிற அளவு ஓடவில்லை. ஏன்?

நல்ல கேள்வி. உங்கள் லப்டொப்புக்குள் கிராஃபிக்ஸ் சிப் இரண்டு: பிராசசருக்குள் இருப்பது ஒன்று, தனி என்விடியா ஒன்று. எந்தத் துளை எதற்குப் போகிறது என்பது மொடலுக்கு மொடல் மாறும். உங்களுடைய யூஎஸ்பி-சி பிராசசர் பக்கம் இணைந்திருக்கலாம். அப்படியானால் என்விடியா வரைகிற ஒவ்வொரு படத்தையும் மற்றதுக்குக் கைமாற்றித்தான் வெளியே விட வேண்டும். அந்தச் சுற்றுப்பாதைதான் வேகத்தைத் தின்கிறது. கன்ட்ரோல் பெனலில் 'சரவுண்ட், பிஸ்எக்ஸ்' பக்கத்தில் எந்தத் திரை எந்தச் சிப்பில் தொங்குகிறது என்று படமாகவே காட்டும். என்விடியாவோடு நேரே இணைந்த துளையில் கொழுவுங்கள். இன்னொன்று, கடற்கரை வீடென்றால் பாவிக்காத துளைகளை மூடி வையுங்கள். உப்புக்காற்று செம்பைச் சும்மா விடாது.

தம்பலகாமத்திலிருந்து: யூஎஸ்பி ஹப் வழியாக 60-க்கு மேல் ஏறவில்லை.

ஹப்பைக் கழற்றிவிட்டு நேரே கொழுவுங்கள்.

பாலையூற்றிலிருந்து ஓர் ஐயா: நமது கரண்டே 50 ஹேர்ட்ஸ். மகன் 144 கேட்கிறான். கரண்டை மீறி எப்படி ஓடும்?

இரண்டுக்கும் பெயர்தான் ஒன்று, ஐயா. அடப்டருக்குள் போனதும் அது நேர்மின்னோட்டமாகிவிடும், 50 அங்கேயே முடிந்தது. கரண்டு நின்றால்தான் மகனுக்குக் கஷ்டம்: மொனிட்டரை யூபிஎஸ்ஸில் வைத்தாலும், பற்றரிக்கு மாறிய லப்டொப் தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும். அடப்டரையும் அதே யூபிஎஸ்ஸில் கொழுவச் சொல்லுங்கள், அது தாங்கும் வாட்ஸைப் பார்த்து.