கொள்கை எழுத 75,000 ரூபா கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன இளைஞர் கழகம் நடத்துகிறோம். 34 பேர் இருக்கிறோம். கரம், கிரிக்கெட், ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒன்றுகூடல். தொடங்கிய காலத்தில் முஸ்லிம் பிள்ளைகள் ஆறு பேரும் சிங்களப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்தார்கள். யாரோடும் சண்டை இல்லை, ஆனால் இப்போது அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் வருவதில்லை. நிதி தர முன்வந்த ஒரு நிறுவனம் ‘சமத்துவம், பன்மைத்துவம், சமூக நல்லுறவு’ பற்றிய கொள்கை ஆவணம் கேட்கிறது. ஓர் ஆலோசகர் 75,000 ரூபாவுக்கு எழுதித் தருகிறேன் என்கிறார். தொடக்க விழாவுக்கு மற்ற இனப் பிள்ளைகளையும் தானே கூட்டி வருவாராம். கொள்கை இல்லாமல் கழகம் நடத்தினால் யாராவது வழக்குப் போடலாம் என்றும் சொல்கிறார். இன்னொன்று, பெண் பிள்ளைகள் தங்களுக்கென்று தனி நேரம் கேட்கிறார்கள். கொடுத்தால் அது பாகுபாடு ஆகிவிடுமா?

பதில்: தம்பி, காசைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் கேட்டதில் அவசரமானது அதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறாரே, அது சும்மா. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் பார்த்து யாரையும் ஒதுக்கக்கூடாது என்கிறது, சரி. ஆனால் அதை வைத்து உயர் நீதிமன்றத்தில் போடும் அடிப்படை உரிமை வழக்கு அரசும் அரச நிர்வாகமும் செய்யும் காரியத்துக்கு எதிரானது. கரம்போட் இரண்டு வைத்துக்கொண்டு வாடகை மண்டபத்தில் கூடும் உங்கள் கழகத்திடம் கொள்கைப் பத்திரம் இல்லை என்பதற்காக அந்த வழக்கு வராது. இந்தப் பயத்தை விற்றே பிழைக்கிறவர்கள் கொழும்பில் பெருகிவிட்டார்கள்.

அவர்கள் விற்கும் சரக்கையும் நான் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் வடகொழும்பில் ஒரு கழகத்துப் பிள்ளைகள், காசு கொடுத்து வாங்கிய கொள்கை ஆவணத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். 22 பக்கம், மினுங்கும் அட்டை. ஏழாம் பக்கத்தில் ‘கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்தாந்துக்காரருக்கும் இடையில் நல்லுறவை வளர்ப்போம்’ என்று இருந்தது. அந்தக் கழகத்தில் இருந்தவர்கள் இந்துக்களும் முஸ்லிம்களும். எங்கேயோ வட அயர்லாந்தில் எழுதினதை இறக்கி, தமிழாக்கி, பெயரை மாற்றி விற்றிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அந்தக் காசைச் சேர்க்க மூன்று மாதம் சந்தா கட்டியிருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வட அயர்லாந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிதி நிறுவனங்கள் கேட்கும் இந்த மூன்று சொல்லும் சேர்ந்து வருவது அங்கே நெடுநாள் பழக்கம். அங்கேயும் நம்மைப் போல பாடசாலைகள் பிரிந்தே இருக்கின்றன, பெரும்பாலான பிள்ளைகள் கத்தோலிக்கர் ஒரு பக்கம், புரொட்டஸ்தாந்தர் ஒரு பக்கமாகத்தான் படிக்கிறார்கள். அதனால் மற்றப் பக்கத்துப் பிள்ளையைச் சந்திக்க இளைஞர் கழகமும் ஒரு வழி. 1998ஆம் ஆண்டு வட அயர்லாந்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு அரச நிறுவனங்களுக்கு இரண்டு கடமை வைக்கிறது. ஒன்று சம வாய்ப்பு, மற்றது நல்லுறவு. நல்லுறவைச் சொல்லும் இடத்தில், சம வாய்ப்புக் கடமைக்குப் பங்கம் வராமல் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அதாவது, முதலில் எல்லோருக்கும் சமமான இடம் இருக்கிறதா என்று பார், உறவு அதற்குப் பிறகு. நம் நாட்டில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஒன்றாக நின்று படம் எடுத்துவிட்டு நல்லுறவு வந்துவிட்டது என்கிறோம், படத்தில் நின்ற பிள்ளை மறுநாள் கழகத்துக்கு வர முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

ஆலோசகர் கூட்டி வருவதாகச் சொன்ன ‘மற்ற இனப் பிள்ளைகள்’ விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தயவுசெய்து செய்ய விடாதீர்கள். நான் போன ஒரு விழாவில், பஸ்ஸில் ஏற்றி வந்து இறக்கிய சிங்களப் பொடியன் ஒருவன், பதின்மூன்று பதினான்கு வயதிருக்கும், மடிப்புக் கலையாத புது டீசேர்ட்டோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, “அக்கே, மே மொகக்த?” என்றான். இது என்ன நிகழ்ச்சி என்று அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. மேடையில் இரண்டு மணித்தியாலம் நல்லிணக்கத்தைப் பற்றித் தமிழிலேயே பேசினார்கள். சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்து அதே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் மனதில் தமிழர் கழகம் என்றால் என்னவென்று பதிந்திருக்கும்? தன்னைக் கணக்குக்காகக் கூட்டிப்போன இடம் என்றுதான்.

சரி, உங்கள் பத்துப் பேர் ஏன் போனார்கள்? சண்டை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன். பெரும்பாலும் சண்டையே தேவைப்படுவதில்லை, வசதிக்கேடு போதும். உங்கள் ஒன்றுகூடல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. அந்த நேரத்தில் கொழும்பில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பௌத்தப் பிள்ளை தஹம் பாசல் என்ற பௌத்த சமய வகுப்பில், முஸ்லிம் பிள்ளை அஹதிய்யா என்ற இஸ்லாமிய சமய வகுப்பில், கத்தோலிக்கப் பிள்ளை பூசையிலும் மறைக்கல்வியிலும், இந்துப் பிள்ளை அறநெறிப் பாடசாலையில். உங்கள் ஆட்கள் அறநெறிக்குப் போகாமல் கழகத்துக்கு வருகிறார்கள் என்றால் அது அவர்கள் வீட்டு நிலைமை, எல்லா வீட்டிலும் அப்படி விடமாட்டார்கள். ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு மாற்றிப் பாருங்கள். நோன்பு மாதத்தில் அதையும் மாற்ற வேண்டும், நோன்பு துறக்கிற நேரத்தில் எந்தப் பிள்ளையும் மண்டபத்தில் நிற்காது.

அடுத்தது மொழி. உங்கள் வட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் எந்த மொழியில் போகிறது? நீங்கள் எழுதவில்லை, ஆனால் தமிழில் மட்டும் என்று நினைக்கிறேன். தம்பி, கோபிக்காமல் கேளுங்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. 1991இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் ஓர் அலுவலகத்திலிருந்து எனக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தது, போய்க் கேட்டால் தமிழ் தெரிந்த மிஸ் லீவு என்றார்கள். அந்த மிஸ் லீவிலேயே இருக்கிறாரா என்று மூன்றாவது முறை போனபோது சத்தம் போட்டுவிட்டேன். இத்தனை வருடமாகியும் ஒரு படிவத்தை இரண்டு மொழியில் அச்சடிக்க இந்த நிர்வாகத்துக்கு முடியவில்லை, பிறகு நல்லிணக்கத்துக்கு அலுவலகம் திறக்கிறார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்க முடியாமல் நின்றபோது எனக்கு இருந்த உணர்வுதான், உங்கள் குழுவில் தமிழ் அறிவித்தலைப் பார்த்த அந்த நான்கு சிங்களப் பிள்ளைகளுக்கும் இருந்திருக்கும். எழுத்து வராவிட்டால் குரல் பதிவு போடுங்கள், கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளைகளில் சிங்களம் கதைக்கத் தெரிந்த ஒருவராவது உங்களிடம் கட்டாயம் இருப்பார்.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ரோல்ஸ் வாங்கினால் ஹலால் கடையில் வாங்குங்கள், மரக்கறி சாப்பிடுகிறவருக்கு வேறு தட்டில் வையுங்கள், அவ்வளவுதான். தேவாரத்தோடு கூட்டம் தொடங்குகிறீர்கள் என்றால் ஒரு நிமிட மௌனத்துக்கு மாறுங்கள், அவரவர் மனதுக்குள் அவரவர் கும்பிடட்டும்.

பகிடி என்ற பெயரில் என்ன கூப்பிடுகிறீர்கள் என்றும் கவனியுங்கள். முஸ்லிம் பிள்ளையைத் ‘தொப்பி’ என்பதும், ஹட்டனிலிருந்தோ பதுளையிலிருந்தோ வந்து புறக்கோட்டைக் கடையில் வேலை செய்யும் பிள்ளையைத் ‘தோட்டக்காட்டான்’ என்பதும் கொழும்புத் தமிழரின் வாயில் சர்வசாதாரணமாக வருகிறது. இரண்டாவது நமக்குள்ளேயே நடப்பதால் யாரும் அதைப் பன்மைத்துவப் பிரச்சினையாக எண்ணுவதே இல்லை. உங்கள் 34 பேரில் கடைகளில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால், மற்ற இனத்தவரைத் தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். கடை அடைத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு வரும் பிள்ளைக்கு உங்கள் கழகத்தில் ஏதாவது இருக்கிறதா?

அதே வட்ஸ்அப் குழுவில் இனத்தையோ மதத்தையோ தூற்றும் செய்தி யாராவது முன்னனுப்பினால் உடனே அழியுங்கள், அனுப்பியவரோடு நேரில் கதையுங்கள். 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவில் இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை இருக்கிறது. இந்தச் சட்டம் யார்மேல் பாயும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 2019இல் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் போட்டிருந்த உடையில் கப்பல் சுக்கான் படம் இருந்தது, அதைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று சொல்லிக் கைது செய்து உள்ளே வைத்தார்கள். வெறுப்பைக் கக்குகிறவர் வெளியே திரிய, ஏழை அகப்படுவதுதான் இங்கே வழக்கம். உங்கள் பிள்ளை ஒன்று அகப்படக்கூடாது.

இனி, பெண் பிள்ளைகளின் தனி நேரம். தாராளமாகக் கொடுங்கள், அது பாகுபாடு இல்லை. 12ஆம் உறுப்புரையிலேயே நான்காவது பந்தியாக இதைச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள், பிள்ளைகள், மாற்றுத்திறன் உள்ளவர்கள் முன்னேறுவதற்காக விசேட ஏற்பாடு செய்தால் சமத்துவத்தைக் காட்டி அதைத் தடுக்க முடியாது. அரசுக்கே அந்த இடம் இருக்கும்போது உங்களுக்கு என்ன தயக்கம்? ஆனால் இதில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. தனி நேரம் என்பது அவர்களுக்கு ஏற்கனவே இருக்கும் நேரத்துக்கு மேலதிகமாகக் கிடைக்க வேண்டும். ‘உங்களுக்குத்தான் சனிக்கிழமை இருக்கிறதே, ஞாயிறு ஏன் வருகிறீர்கள்’ என்று ஒரு பொடியன் கேட்கும் நாளில் அது ஒதுக்கலாக மாறிவிட்டது. அந்த நேரத்தில் நல்ல கரம்போட்டும் நல்ல மட்டையும் அவர்கள் கையில் இருக்க வேண்டும், ஓட்டையானதைத் தள்ளிவிடக்கூடாது. எத்தனை மணிக்கு, யார் பொறுப்பு என்று அவர்களே முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் ஆறரைக்குப் பிறகு வீட்டில் விடமாட்டார்கள் என்பது உங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, இன்னும் தேவையா என்று அவர்களிடமே கேளுங்கள். இதைச் சாட்டாக வைத்து நாளைக்கு ஒருவர், ‘அப்படியென்றால் தமிழ்ப் பொடியன்களுக்கு மட்டும் ஒரு நேரம் வைப்போம்’ என்று வருவார், பார்த்துக்கொண்டிருங்கள். பெண் பிள்ளைகள் கேட்பது உள்ளே வருவதற்கு ஒரு வழி, இவர் கேட்பது மற்றவருக்குக் கதவை அடைக்க. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நிதி நிறுவனத்துக்கு ஒரு பக்கம் போதும், நீங்களே எழுதுங்கள். யார் யாருக்குக் கதவு திறந்திருக்கிறது, எந்த நேரம் ஏன் மாற்றினோம், அறிவித்தல் எந்த மொழிகளில் போகிறது, யாராவது இழிவாகக் கதைத்தால் யாரிடம் சொல்வது, அதற்கு எத்தனை நாளில் பதில். முறைப்பாட்டுக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணுமாக இரண்டு பேரின் பெயரைப் போடுங்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருப்பதால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தையும் எழுதி, மண்டபச் சுவரில் மூன்று மொழியிலும் ஒட்டுங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தில் பதிவு செய்யவில்லையென்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் நேரே போங்கள், 13 முதல் 29 வயது வரை உறுப்பினராகலாம், நடுவில் யாருக்கும் ‘பைல் காசு’ கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதாது, 22 பக்கம்தான் வேண்டும் என்று நிறுவனம் நின்றால் அந்த நிதியை விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பத்துப் பேரையும் போய்ப் பாருங்கள். கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டாம், அவரவர் தொடர்மாடிக்கோ, தோட்டம் என்று சொல்லும் குடியிருப்புக்கோ நீங்களே போங்கள், ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு ‘ஏன் வருவதை நிறுத்தினாய்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். முதல் பதில் ‘டியூஷன்’ என்று வரும். எழும்பிவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள். கடைசியாக வருவதை நிறுத்தியவரிடம் முதலில் போங்கள், அவருக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.