கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது?

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வரும்வரை இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. மூளை உத்தரவு போடும், தசை கேட்கும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு அடைப்பு ஏற்பட்டது மூளையின் வலப்பக்கத் தாலமஸில். தோல், தசை, மூட்டு எல்லாவற்றிலிருந்தும் வரும் உணர்வுச் செய்திகள் அந்த இடத்தைக் கடந்துதான் மூளையின் மேற்பரப்புக்குப் போகும். அவருடைய இடது கையில் பலம் குறையவே இல்லை. என் விரலைப் பிடித்து அழுத்தச் சொன்னால் வலிக்கிற அளவுக்கு அழுத்துவார். ஆனால் அதே கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், ஒரு நிமிடத்தில் அது நழுவி விழும். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தால் விழாது.

பிசியோதெரபிஸ்ட் அவரைக் கண்ணை மூடச் சொன்னார். இடது கட்டைவிரலை இரு பக்கமும் பிடித்து மெதுவாக மேலே தூக்கி, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "எப்போ ஆரம்பிக்கப் போறீங்க?" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. தசைகளுக்குள் நூல் நூற்கும் கதிரின் வடிவில் மிகச் சிறிய உணரிகள் உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எத்தனை வேகத்தில் நீள்கிறது என்று அவை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களில் இருப்பவை இழுவிசையைச் சொல்லும். கை கால் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இந்த உணர்வுக்கு 1906இல் 'புரோப்ரியோசெப்ஷன்' என்று பெயர் வைத்தவர் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியல் ஆய்வாளர். ஐம்புலன் கணக்கில் இது வராது, ஆனாலும் இது இல்லாமல் ஒரு அடிகூட ஒழுங்காக எடுத்துவைக்க முடியாது.

அந்தச் செய்தி தண்டுவடம் வழியாக ஏறி, ஒரு பாதையில் நமக்குத் தெரியும்படி மூளையின் மேற்பரப்புக்கு எட்டுகிறது, இன்னொரு பாதையில் நமக்குத் தெரியாமலே சிறுமூளைக்குப் போகிறது. போட்ட உத்தரவும் நடந்த அசைவும் ஒத்துப்போகிறதா என்று சிறுமூளை பார்த்துத் திருத்துகிறது. மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அத்தனை வேலை அதற்கு.

இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேனுக்கு 1971இல், 19 வயதில், ஒரு தொற்றுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இந்த உணர்வும் போய்விட்டன. அசைவு நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வொரு அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்து மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

அப்பாவும் இப்போது அப்படித்தான், கண்ணை வைத்துக் கையை நடத்துகிறார். சட்டைப் பித்தான்களைக் குனிந்து பார்த்து நிதானமாகப் போட்டுக்கொள்வார். கழுத்துப் பித்தான் குனிந்தாலும் தெரியாது. அதற்கு மட்டும் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நிற்பார்.