பலகையே இல்லாத இடத்தில் நோ பார்க்கிங் அபராதமா?

தி.நகரில் பலகை கண்ணில் படாத தெருவில் பைக்கை நிறுத்தி 500 ரூபாய் சலான் வந்திருக்கிறது, இது வசூல் வேட்டைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி.

முதலில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். மத்திய அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் படம் இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். வண்டி மட்டும் தெரிகிறதா, பலகையும் தெரிகிறதா? அப்புறம் அதே இடத்துக்குப் போய், தெருமுனையிலிருந்து வண்டி நின்ற இடம் வரை வீடியோ எடுங்கள். எனக்கு ஒருமுறை பலகை இருந்தது, வேப்பங்கிளைக்குள்! அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். விஷயம் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது சலான் வழக்குகளைப் பார்க்கும் ஆன்லைன் கோர்ட்டுக்கு, போய்விட்டால், எதிர்த்து வழக்காடுவதாகத் தெரிவிக்கலாம். ஆனால் அப்புறம் நேரில் கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். 500 ரூபாய்க்கு அரைநாள் லீவு போடுவதா என்பது உங்கள் பாடு.

மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவில் முதல் தடவைக்கு 100 ரூபாயாக இருந்த உச்சவரம்பு, 2019 திருத்தத்தில்தான் 500 ஆனது. தொகை எனக்கு அநியாயமாகப் படவில்லை. பாண்டி பஜாருக்குப் பக்கத்திலேயே தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறதே. பலகை வைக்காமல் பிடிப்பதுதான் அநியாயம்.