ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் இருந்த அட்டை

கேள்வி: என் அப்பா ஈரோட்டில் முப்பது வருடம் டூவீலர் மெக்கானிக். போன வருடம் மாரடைப்பில் காலமானார். கடைசி சில வருடங்கள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார், பாதி நாள் கடையே திறக்க மாட்டார். டாக்டர் டிப்ரெஷன் என்றார். பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரை நமக்கு எதற்கு என்று வீட்டில் நிறுத்திவிட்டோம். இப்போது முதலாம் ஆண்டு நினைவு மலர் போடுகிறோம். 'ஊர் வண்டியையெல்லாம் சரிசெய்தவருக்குத் தன் மனதைச் சரிசெய்யத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். தங்கைக்கு வரன் பார்ப்பதால் அந்த நோயைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்கிறார் மாமா. எழுதலாமா, வேண்டாமா? (கடையைக் காலி செய்தபோது ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் பாதி பிரித்த மாத்திரை அட்டைகள் கிடந்தன. மெடிக்கலில் காட்டினேன், அதே நோய்க்குத்தான் என்றார்கள். அம்மா குப்பையில் போட்டுவிட்டார். கடையில் கூட வேலை பார்த்த பையனும் அப்போதே வேலையை விட்டுப் போய்விட்டான்.)

பதில்: மலர் இருக்கட்டும் தம்பி. அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்களே, அந்த மாத்திரை அட்டையைப் பற்றிப் பேசுவோம்.

சர்க்கரை மாத்திரை வீட்டில் எங்கே இருக்கும்? பிரிட்ஜ் மேலே, வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில். உங்கள் அப்பா தன் மாத்திரையை ஸ்பேனர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தார். யாருக்குப் பயந்து? கடைக்கு வருகிறவர்களுக்கா? உங்களுக்குத்தான். நீங்கள் 'நிறுத்திவிட்டோம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். அவர் நிறுத்தவில்லை. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்து, சீட்டு வாங்கி, சாப்பிட்டிருக்கிறார். இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்பதில்லை. இரண்டு வாரம், நான்கு வாரம் கழித்துத்தான் மெல்லத் தெரியும். அதுவரை சிலருக்கு வாய் உலரும், குமட்டும். தேறின பிறகும் குறைந்தது ஆறு மாதம் விடக்கூடாது என்பார்கள். இவ்வளவையும் வீட்டில் ஒரு சொல் சொல்லாமல் ஒரு மனிதர் செய்தாரே, அவரையா 'தன் மனதைச் சரிசெய்யத் தெரியவில்லை' என்று எழுதுகிறீர்கள்? அந்த வரியை முதலில் அடியுங்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய்.

எரிந்து விழுந்தார் என்கிறீர்கள். ஆண்களிடம் இந்த நோய் பல நேரம் கண்ணீராக வராது. கோபமாக வரும், முதுகு வலியாக வரும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பாக வரும். எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஒன்று கேட்கிறேன். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. கடைகள் பூட்டிக் கிடந்தன. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் புது வண்டியெல்லாம் பி.எஸ்.6, அதாவது புகையைக் குறைக்க வந்த புது விதிப்படி. எஞ்சினுக்குப் பெட்ரோல் விடுகிற கார்புரேட்டர் பெரும்பாலும் போய், எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. காதை வைத்தே எஞ்சினின் டேப்பெட் சத்தம் பிடித்தவர்கள், ஸ்கேனர் இல்லாமல் கோளாறு சொல்ல முடியாமல் நின்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ மெக்கானிக்குகளுக்கு அது பெரிய அடி. நோய்க்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடை ஏன் பாதி நாள் பூட்டியிருந்தது என்று ஒருநாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்களா?

மாமா விஷயத்துக்கு வருகிறேன். வரன் வீட்டாருக்குப் பயந்து செத்தவரையும் ஒளித்து வைப்பது என் கணக்கில் குடும்ப மானம் ஆகாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், உண்மைதான். சர்க்கரைக்கும் அப்படித்தான், அதை மறைத்தா பெண் கொடுக்கிறோம்? ஆனாலும் மாமாவை மீறி நீங்கள் பாட்டுக்கு அச்சடிக்கவும் கூடாது. கல்யாணம் தங்கைக்கு. முதலில் அவளைக் கேளுங்கள்.

அப்புறம் அம்மா. அட்டையைக் குப்பையில் போட்டபோது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசியுங்கள். மலரில் ஊரறியச் சொல்லும் முன் அவரிடம், 'அப்பா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார், நாம்தான் தடுத்தோம், நானும்தான்' என்று சொல்லுங்கள். 'நீதான்' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவரோ நீங்களோ தூக்கம் கெட்டுக் கிடந்தால் 14416க்குப் பேசுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே மாத்திரையும் இலவசம்.

தங்கையும் அம்மாவும் சரி என்றால் எழுதுங்கள். எந்த வண்டி அவர் கைக்கு வந்தது, யாரிடம் கூலி வாங்காமல் விட்டார், எந்த நோயோடு கடையைத் திறந்தார் என்று எல்லாமே இருக்கட்டும். இதெல்லாம் உங்களைவிடக் கடையில் இருந்த அந்தப் பையனுக்குத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் கடையைப் பார்த்துக்கொண்டவனும் அவனாகத்தான் இருக்கும். தேடிப் போய்ப் பாருங்கள். போகும்போது அவனுக்குச் சம்பள பாக்கி ஏதும் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.